நாலு பேர் புழங்கும் கேரேஜில் பைக்குக்கு ஒரு மூலை

பைக்கைச் சில மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப் போகிறோம் என்றால், உடனே பேட்டரி, பெட்ரோல், துரு என்றுதான் எல்லாரும் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் தேவைதான், பின்னால் வருகிறேன். ஆனால் குடும்பமே புழங்கும் கேரேஜில் நிற்கிற வண்டிக்கு அதற்கு முன்பே வேறு எதிரிகள் வந்துவிடுகிறார்கள். சைக்கிள் பெடல், கார்க் கதவு, பள்ளிப் பையின் ஜிப், மேல் தட்டிலிருந்து சரியும் பெயிண்ட் டப்பா, "ஒரு நிமிஷம் இங்கே வெச்சிக்கிறேன்" என்று சீட்டின் மேல் ஏறி உட்காரும் அட்டைப்பெட்டி. அதனால் இந்த முறை எந்த உறை வாங்கலாம் என்று தேடவில்லை. வீட்டு ஆட்கள் கேரேஜில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தேன்.

ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பெயிண்டை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். டேங்கின் மேல் மெல்லிய வளையம் வளையமான கீறல்கள். தூசி படிந்த பெயிண்டின் மேல் துணி உரசினால் இப்படித்தான் வரும். பின்பக்க பேனலில் நேராக ஒரு சொட்டை; கார்க் கதவைத் திறந்து பிடித்துப் பார்த்தால் அதன் ஓரம் சரியாக அங்கே வந்து முட்டுகிறது. சைலென்சரில் பக்கம் பக்கமாக இரண்டு சின்னப் பள்ளம். தரையிலிருந்து அளந்துவிட்டு மகனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். பெடல் ஓரத்துப் பற்கள் இரண்டும் அந்தப் பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன.

"ஏண்டா, சைக்கிளை அந்தப் பக்கமா எடுத்துட்டுப் போகக் கூடாதா?"

"அந்தப் பக்கம் வழி எங்கம்மா இருக்கு? துணிக்கூடை நிக்குதே."

அவன் சொன்னது நியாயம். வாஷிங் மெஷினுக்கு முன்னால் கூடை, அதை அடுத்து காரின் டிரைவர் கதவு. மிச்சமிருந்த ஒரே சந்து பைக்கை உரசிக்கொண்டுதான் போனது. இதில் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? வீட்டுக்குள் போகும் கதவு, வாஷிங் மெஷின், சைக்கிள்கள், காரின் கதவுகள் என்று எல்லாவற்றையும் இணைத்துத் தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தேன். கோடுகள் நெருக்கமாகக் கூடிய இடம் எது, ஒரு கோடுகூடப் போகாத இடம் எது என்று கண்ணுக்கே தெரிந்தது.

கோடு போகாத இடம் காரின் மூக்குக்கு முன்னால், பின்சுவரை ஒட்டி. வண்டியைச் சுவருக்கு இணையாக, கேரேஜுக்குக் குறுக்கே நிறுத்தலாம். காரை வெளியே எடுக்காமல் பைக்கை எடுக்க முடியாது என்பது இதில் உள்ள குறை. தினமும் ஓட்டுகிற வண்டியென்றால் இந்த யோசனையே வேண்டாம். மாதக்கணக்கில் நிற்கப் போகிற வண்டிக்கு அந்தக் குறைதான் பெரிய வசதி: அங்கே போக யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. கேரேஜ் அவ்வளவு நீளம் இல்லாதவர்கள் காரில் அதிகம் திறக்காத கதவு எந்தப் பக்கமோ அந்தச் சுவரோரத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கதவை ஒட்டி மட்டும் வேண்டாம்.

அந்த இடத்தில் ஆபத்து என்று இருப்பது கார் ஒன்றுதான். அதை நிறுத்த 10 செ.மீ. சதுரக் கட்டை ஒன்றைத் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினேன். செய்முறை சுலபம். காரை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தி, பம்பருக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க 60 செ.மீ. விட்டு, முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் கோடு போட்டுக் கட்டையை அதில் வைக்க வேண்டும். பம்பர் கட்டைக்கு மேலாகத்தான் கடந்து போகும் என்பதால், பம்பரின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். கூரையிலிருந்து பந்து ஒன்றைத் தொங்கவிட்டு, அது கண்ணாடியைத் தொட்டதும் பிரேக் அடிக்கிற முறையும் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தொங்குகிற பந்து அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்து தடுப்பு. இதில்தான் நேரம் போனது, மகிழ்ச்சியும் இதில்தான். 12 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை ஒன்று, 5 செ.மீ. சதுரச் சட்டங்கள், கனமான கீல் மூன்று, ஒரு காஸ்டர் சக்கரம், ஒரு டவர் போல்ட். பலகையின் அளவு 244 × 122 செ.மீ. என்பதால் அதிகம் அறுக்க வேண்டியிருக்கவில்லை. நீளம் 220, உயரம் 110 என்று வெட்டிக்கொண்டேன். ஹேண்டில்பார் முனை இந்த உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மிரர் மட்டும் மேலே எட்டிப் பார்த்தது, அதைக் கழற்றி வைத்துவிட்டேன். பலகையின் பின்புறம் சட்டம் அடித்து, ஒரு முனையைப் பக்கச் சுவரில் பொருத்திய கட்டையோடு கீல் போட்டு மாட்டினால், இழுத்துத் திறக்கிற ஒரு கேட் தயார். பலகையும் சட்டமுமாக முப்பது கிலோவை நெருங்குகிறது. கீலை மட்டும் நம்பினால் சில வாரங்களில் முனை தொங்கித் தரையில் உரசும். அதற்குத்தான் திறக்கும் முனையின் அடியில் காஸ்டர். மூடியதும் டவர் போல்ட்டைத் தரைத் துளைக்குள் இறக்கிவிட்டால் இடித்தாலும் அசையாது.

அடியில் எவ்வளவு இடைவெளி விடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் பைக்கைச் சுற்றி அடிவரை அடைத்துப் பெட்டி மாதிரி செய்யக் கூடாது, கீழே காற்று ஓட வேண்டும். அதற்காகத் தாராளமாக விட்டால் பந்து உள்ளே போகும். பந்து போனால் பின்னாலேயே ஒரு பிள்ளை தவழ்ந்து போகும், அதுவும் பைக்குக்கு அடியில். டென்னிஸ் பந்தின் விட்டம் ஏறக்குறைய 6.5 செ.மீ. அதனால் இடைவெளி 5 செ.மீ. காற்று போகும், பந்து போகாது. இதே ஆவி விஷயத்துக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தீப்பொறி வரக்கூடிய எதையும் அந்த மூலையில் தரையோடு வைக்காதீர்கள். சுவிட்ச் பெட்டி, எக்ஸ்டென்ஷன் போர்டு, சார்ஜர் எதுவானாலும் அரை மீட்டருக்கு மேலே இருக்கட்டும். கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் கேரேஜுக்குள்ளேயே இருந்தால், பெட்ரோல் உள்ள வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்தவே வேண்டாம்.

பலகையின் வெளிப்பக்கத்தில் இரண்டு பட்டைகளாக ஃபோம் ஒட்டினேன். ஒன்று பெடல் உயரத்தில், இன்னொன்று சைக்கிள் ஹேண்டில்பார் உயரத்தில். பிள்ளைகள் விளையாட விரிக்கிற ஜிக்சா ஃபோம் பாயைக் கீற்றாக வெட்டினாலே போதும். உள்பக்கம் ஃபோம் ஒட்டவில்லை. தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே 110 செ.மீ. இருக்கிறது, ஹேண்டில்பார் 80க்குள்தான். பைக் எதையும் தொடாமல் நிற்கிறது.

தடுப்பின் மேல் விளிம்பைத் தட்டையாக விடவில்லை. ஒரு ரீப்பரைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாக இழைத்து மேலே அடித்தேன். இதைக் கேட்டு வீட்டுக்காரர் சிரித்தார். ஐந்து செ.மீ. அகலத் தட்டை விளிம்பு கிடைத்தால் ஸ்க்ரூடிரைவரும் தம்ளரும் தண்ணீர்க் குழாயின் மூடியும் அங்கே வந்து சேரும், அவற்றில் ஒன்று ஒருநாள் உள்பக்கமாக விழும் என்று சொன்னேன். அப்புறம் அவரே இழைப்புளியை வாங்கி மிச்சத்தை முடித்துக் கொடுத்தார்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. உறை போட்ட பைக் ஓடாத ட்ரெட்மில் மாதிரி: போட்ட மறுநாளே அது வண்டி இல்லை, சாமான் வைக்கும் இடம். டேங்கும் சீட்டும் சேர்ந்து இடுப்பு உயரத்தில் ஒரு பரப்பு. கைநிறைய சாமானோடு காரிலிருந்து இறங்கி வருகிறவருக்கு, கதவின் சாவியை எடுக்கும்வரை பையை இறக்கி வைக்க ஓரிடம் தேவை. அந்தத் தேவை உண்மையானது. "பைக் மேல் வைக்காதே" என்று எழுதி ஒட்டினால் அது தீராது. வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு மடங்குகிற ஒரு பலகையைப் பொருத்தினேன், பிளைவுட்டில் மிஞ்சிய துண்டும் இரண்டு மடக்கு பிராக்கெட்டும்தான். அதன் கீழே பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் பைகளுக்கு நான்கு கொக்கி. பெரிய தடுப்பைவிட இந்தச் சின்னப் பலகைதான் பைக்கை அதிகம் காப்பாற்றுகிறது என்பது என் கணிப்பு. சைக்கிள்களையும் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் செங்குத்தாக மாட்டினேன். சின்னவளின் சைக்கிளை மட்டும் கீழேயே விட்டேன். அவளால் தூக்கி மாட்ட முடியாது, அவளாக எடுத்து அவளாக வைக்க முடிகிற இடம் இல்லாவிட்டால் அது நடுவழியில்தான் கிடக்கும்.

சரி, வண்டியை நிறுத்துவதற்கு வருவோம். சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியென்றால் அதையே போடுங்கள். இடம் குறைவாகப் பிடிக்கும், ஒரு டயரின் மேல் பாரமும் குறையும். ஆனால் முன்னால் தள்ளினால் சென்டர் ஸ்டாண்டு மடங்கிவிடும். ஒரு பிள்ளை சீட்டில் ஏறி முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். இதற்கு ஒரு எளிய வழி, ஸ்டாண்டின் காலையும் முன் சக்கரத்தின் ரிம்மையும் ஒரு பட்டையால் சேர்த்துக் கட்டிவிடுவது. ஸ்டாண்டு பின்னால் மடங்க வேண்டுமானால் பட்டை விட வேண்டும், பட்டை விடாது. சைடு ஸ்டாண்டு மட்டும் உள்ளவர்கள் முதல் கியரில் போட்டு, ஹேண்டிலை ஸ்டாண்டு இருக்கும் பக்கமாகத் திருப்பிப் பூட்டி, ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பேடாக் ஸ்டாண்டு தனியறைக்குச் சரி. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் அதன் மேல் நூற்றைம்பது கிலோவை நிறுத்தி வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இவற்றோடு சுவரில் 10 மி.மீ. வளைய போல்ட் ஒன்றை அடித்து, பைக்கின் ஃபிரேமை ஒரு பட்டையால் அதோடு பிணைத்தேன். ஹேண்டில்பாரிலோ பிளாஸ்டிக் பாகத்திலோ கட்டக் கூடாது. ஃபோர்க் (முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர்) அமுங்கும் அளவுக்கு இழுத்து இறுக்கவும் வேண்டாம். மாதக்கணக்கில் அமுங்கி நின்றால் ஆயில் சீலுக்கு நல்லதில்லை. தொய்வில்லாமல் இருந்தால் போதும். வண்டி சாய்ந்தால் ஒரு பிள்ளையின் மேல்தான் சாயும் என்ற எண்ணத்தோடு கட்டுங்கள், எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது தானாகப் புரியும்.

உறை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. தார்ப்பாயும் பிளாஸ்டிக் ஷீட்டும் கேரேஜுக்குள் வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே போக வழியில்லாமல் போல்ட் தலைகளிலும் ஸ்போக்கிலும் துருவாக இறங்கும். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டாலே தூசிக்குப் போதும். முக்கியமாகக் கழுவிய பிறகு. தூசியின் மேல் துணியைப் போட்டால், யாராவது உரசும்போதெல்லாம் அந்தத் துணி உப்புத்தாள் வேலை பார்க்கும். ஓட்டி வந்த சூட்டோடும் போடாதீர்கள், பாலியெஸ்டர் உறையாக இருந்தால் சைலென்சரில் உருகி ஒட்டிக்கொள்ளும், சுரண்டினாலும் போகாது. தரையில் புரளும்படி விளிம்பைத் தொங்க விடாமல் உள்ளே மடித்துச் செருகிவிடுங்கள். போகிற சைக்கிளின் பெடலில் அந்த விளிம்பு சிக்கினால் துணியோடு வண்டியும் வரும்.

கேரேஜில் வேறு என்னென்ன இருக்கிறது என்றும் ஒருமுறை பார்ப்பது நல்லது. கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டில் எங்கள் கேரேஜின் கீழ்த் தட்டில் இருந்தது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் ஆவி மூடியைத் தாண்டிக் கசியும். அதே தட்டில் இருந்த ஸ்பானர்கள் செம்பழுப்பாகப் பொடி தட்டி இருந்ததைப் பார்த்தாலே புரியும். பிளீச்சிங் பவுடரும் உரமூட்டையும் அதே ஜாதிதான். எல்லாவற்றையும் வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய பெட்டிகளுக்குத் தனித்தனியாக மாற்றினேன். ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்றையும் சுவரில் மாட்டினேன். 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். நனைந்த மழைக்கோட்டுகள் தொங்கும் நாளிலும், துணி உள்ளே காயும் நாளிலும் முள் ஏறுவது நன்றாகவே தெரிகிறது. மழைக்கோட்டுக் கொக்கிகளை வாசல் பக்கச் சுவருக்கு மாற்றியதற்கு அதுதான் காரணம்.

இனி வண்டிக்குள் செய்கிற வேலைகள். எல்லாருக்கும் தெரிந்தவைதான், சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய இன்ஜின் ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், திரும்ப எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். இரும்பு டேங்க் என்றால் பெட்ரோலை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம் கலந்து, சில நிமிடம் இன்ஜினை ஓட விட்டால் அது உள்வரை போய்ச் சேரும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறினால் தண்ணீரோடு எத்தனால் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கீழே உள்ள திருகு வழியாக வடித்துவிடுங்கள். செயினைச் சுத்தம் செய்து செயின் எண்ணெய் போடுங்கள், ஃபோர்க் குழாயில் துணியால் துடைத்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று இருக்கட்டும். அந்தத் துணியோடு பிரேக் டிஸ்க் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பேட்டரி தனியாக ஒரு பத்தி கேட்கும். லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில், சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நான் அதைக் கழற்றி, நெகட்டிவை முதலில் எடுத்து, பூட்டுள்ள மேல் தட்டில் பராமரிப்பு சார்ஜரோடு (சார்ஜ் இறங்காமல் மெதுவாக ஏற்றிக்கொண்டே இருப்பது) வைத்தேன். வண்டியிலேயே விட்டு ஒயரை வெளியே இழுத்திருக்கலாம், ஆனால் தரையோரம் தொங்குகிற ஒயர் என்பது இந்த வீட்டில் தடுக்கி விழ ஒரு வழி. சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய காலத்துப் பெட்டிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் ஒன்றும் ஆகாது. லித்தியம் பேட்டரியாக இருந்தால் அதற்கென்று உள்ள சார்ஜரை மட்டும் போடுங்கள்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுவது நல்லது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு நேரத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரிவதில் உண்டாகும் தண்ணீர் சைலென்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும், பேட்டரி இழந்த சார்ஜும் திரும்ப ஏறாது. அதோடு, மூடிய கேரேஜில் இன்ஜினை ஓட விட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் வீட்டுக்குள் போகும். எடுத்தால் சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

எலிக்கு மிச்சமிருந்த ஒரு மாலைப்பொழுது போனது. சுண்டெலி நுழைய பென்சில் அகலச் சந்து போதும். சுவர்ச் சந்துகளில் ஸ்டீல் வுல் திணித்துப் பூசினேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய்க்குக் கம்பி வலை. சைலென்சர் வாய்க்குத் துணி உருண்டை, அதில் சிவப்பு நாடா ஒன்று நீளமாக வெளியே தொங்குகிறது. சாவி வளையத்திலும் ஒரு சிவப்பு அட்டை: 'துணி, வலை, பட்டை'. மூன்றையும் எடுக்காமல் சாவியைப் போடக் கூடாது என்பதற்காக. நாயின் தீவன மூட்டை கேரேஜில் இருக்கும்வரை இதெல்லாம் பாதி பலன்தான் என்பதால், அதை மூடியுள்ள தகர டின்னுக்கு மாற்றினேன். நாப்தலின் உருண்டை போடலாமா என்று கேட்பார்கள். மிட்டாய் மாதிரி இருக்கும் நச்சுப் பொருளை, சின்னப் பிள்ளை உள்ள வீட்டில், தரை மட்டத்தில் வைக்க மாட்டேன்.

டயருக்கு அடியில் பிளைவுட் துண்டு, இன்ஜினுக்கு அடியில் ஓர் அட்டை. அட்டையில் புதிதாகச் சொட்டு விழுந்தால் எந்த இடத்திலிருந்து கசிகிறது என்று உறையைத் தூக்காமலே தெரியும். காற்றழுத்தத்தை வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்றி வைத்துவிட்டு, எப்போதாவது போய் முன் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி விடுகிறேன். ஸ்டாண்டுப் பட்டையை அதற்காக அவிழ்த்தால் மறக்காமல் திரும்பக் கட்ட வேண்டும்.

தடுப்பில் இன்னும் இரண்டு வேலை பாக்கி. காஸ்டர் சக்கரம் சொரசொரப்பான தரையில் கிறீச்சிடுகிறது, ரப்பர் சக்கரமாக மாற்ற வேண்டும். பெடல் உயரத்து ஃபோம் பட்டையின் கார் பக்க முனை ஏற்கெனவே உரிய ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் பசையோடு ஓர் அலுமினியப் பட்டையும் வைத்துத் திருகிவிடலாம் என்று இருக்கிறேன்.